சில்லறையும் சேர்த்து

பியூட்டி வோர்ல்ட் நிலையத்து மின்படியில்
மேலே வந்தவள் பெயர் ஈல்டிகோ.
ஹங்கேரியில் ஒரு மலையூர்க்காரி.
அவள் சொல்லும் முன்பே காலணி சொல்லிவிட்டது.
கணுக்காலுக்கு மேல் ஏறிய தடித்த தோல்,
தையலில் வேறொரு நாட்டின் சேறு.
என் காலில் தேக்காவில் மலிவு விலைக்கு வாங்கிய ரப்பர்.

"மலை எங்கே?"
கை நீட்டினேன்.
கொண்டோமினியத்துக்கும் மழைமேகத்துக்கும் நடுவே
பச்சையாய் ஏதோ கொஞ்சம் தெரிந்தது.
சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாட்டை
நான் பார்க்கவில்லை
என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நூற்று அறுபத்து மூன்று மீட்டர்,
அறுபத்து மூன்று சென்டிமீட்டர்.
அதையும் சேர்த்துத்தான் சொல்வோம்.
சின்ன நாடு, சில்லறையை விடுவதில்லை.

ஏற ஏற என் பாடம் தானாக ஓடியது.
புக்கிட் தீமா என்றால் ஈயமலை.
ஈயம் கிடையாது.
தெமாக் என்றொரு மரம் இருந்தது,
வெள்ளைக்காரன் காதில் அது தீமாவாக விழுந்தது
என்பார்கள் சிலர்.
ஃபாத்திமாவைச் செல்லமாய்த் தீமா என்றும் கூப்பிடலாம்,
அப்படி ஒருத்தி இங்கே இருந்தாளா, தெரியாது.
சாலை போட்டவர்கள் கைதிகள்,
கடல் தாண்டி நம் பக்கத்திலிருந்து வந்தவர்கள்.
கம்பிர்த் தோட்டத்துக்குப் போன கூலிகளைப்
புலி தின்றது.
புலிக்குத் தலைவிலை உண்டு.
கூலிக்கு எவ்வளவு என்று
எந்தத் தாளிலும் நான் பார்க்கவில்லை.

"இதோ இந்த வளைவில்தான்
கடைசிப் புலியைச் சுட்டார்கள்."

அவள் நின்றாள்.
என் பெயரட்டையை ஒருமுறை படித்தாள்.
"காந்திமதி, உண்மையைச் சொல்."

மூச்சு வாங்க நல்ல இடம் என்றேன்.
நிழல் உண்டு.
புலிக்கு ஊருக்கு ஊர் ஒரு வளைவு.

அப்போது வந்தது அவள் சிரிப்பு,
கீழே அடக்கியதும் சேர்த்து.
"எங்கள் ஊரில் கரடி" என்றாள்.
"வளைவில் ஒரு பெஞ்சும் போட்டிருக்கிறோம்."

சனிக்கிழமை தோறும் அவளும் வழிகாட்டியாம்.
கண்ணாடி ஊதுகிறவர்கள் வடக்கிலிருந்து வந்து
உண்டாக்கிய ஊர்.
உலைக்குக் காட்டை எரித்தார்கள்,
காடு தீர்ந்ததும் உலை அணைந்தது.
பிறகு சுரங்கம்.
அவள் பிறந்த வருஷம் அதையும் மூடினார்கள்.
இப்போது மஞ்சள் தொப்பி மாட்டி
நாற்பது மீட்டர் இறங்கிவிட்டு வந்தால்
'சுரங்கக்காரன் சூப்' ஒரு கிண்ணம், காரமாக.
பனி விழும் மாதங்களில் கூட்டம் அதிகம்.

பேச்சுவாக்கில் ஒரு குரங்கு
அவள் ரொட்டியைப் பையோடு கொண்டுபோனது.
"இது என் பாடத்தில் இல்லை" என்றேன்.
"சேர்த்துக்கொள்" என்றாள்.

உச்சிப் பாறையில் உயரத்தை எழுதியிருக்கிறது.
அதைப் படமெடுத்தாள், சென்டிமீட்டர் தெளிவாகத் தெரிய.

இறங்கும்போது கல்வெட்டுக் குழி.
வெடி வைத்து மலையின் விலாவைத் தோண்டிய இடத்தில்
இப்போது பச்சைத் தண்ணீர், மீன்கொத்தி, தடுப்புக்கம்பி.
மிச்ச மலை சாலைகளில் கிடக்கிறது என்றேன்.
நீ வந்திறங்கிய ஓடுபாதைக்கு அடியிலும் இருக்கலாம்.
"இதுவும் வளைவா?"
ஆமாம், பாதி.

கம்பியைப் பிடித்தபடி கேட்டாள்:
"கல் உடைத்தவர்கள் எங்கே தூங்கினார்கள்?"

பதினோரு வருஷமாக ஏறுகிறேன்.
ஒருவரும் இதைக் கேட்டதில்லை.
நானும் என்னைக் கேட்டதில்லை.
ஒரு கொட்டகையைக் கட்டிக் காட்டிவிட
நாக்கு துடித்தது.
தெரியாது என்றேன்.

அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"எங்கள் சுரங்கத்தில் செத்தவர்களின் பெயர்ப்பலகை
மின்தூக்கிக்குப் பின்பக்கம் இருக்கிறது.
யாரும் திரும்ப மாட்டார்கள்.
அதனால் சூப் வரிசையை
அந்தப் பக்கமாக மாற்றிவிட்டேன்.
கிண்ணம் வரும்வரை படிக்க வேறொன்றும் கிடையாது."

அடுத்த சனிக்கிழமை
தெம்பனீஸிலிருந்து இருபத்திரண்டு பேர்.
புலி வளைவைப் பேசாமல் தாண்டினேன்.
குழியோரக் கம்பியருகே நிறுத்தினேன்.
"இங்கே நிழலே இல்லையே, மிஸ்"
என்றார் ஒருவர், விசிறிக்கொண்டே.

இல்லைதான்.